எரிநட்சத்திரத்துக்கு ஒரு ரோல் பிலிம்

சிவகாசி அச்சகம் ஒன்றில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. எரிநட்சத்திரம் இல்லாத பெட்டி எந்தக் கம்பெனிக்கும் பிடிப்பதில்லை. அதனால் வருஷக்கணக்காக வரைந்து தள்ளியிருக்கிறேன். நிஜத்தில் ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில்தான், கார்த்திகைக் கடைசியில் வரும் எரிகல் பொழிவைப் படமெடுக்கக் கிளம்பினேன்.

டிஜிட்டல் கேமராவில் இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கலாம். சுலபமான வழி என்பதாலேயே அது எனக்கு ஆகாது. மீடியம் ஃபார்மட் பிலிம் கேமரா வாங்கினேன். பெரிய நெகட்டிவ், பேட்டரி வேண்டாம், ஷட்டரை விடியவிடியத் திறந்து வைக்கலாம். ரோலுக்குப் பன்னிரண்டே படம். பிலிம் ஐஎஸ்ஓ நூறா, நானூறா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நூறில் படம் வழவழவென்று வரும், ஆனால் கண்சிமிட்டுவதற்குள் ஓடிவிடும் வெளிச்சம் அதில் சரியாகப் பதியாது. ஒருவழியாக நானூறு என்று முடிவானது.

"என்னையப் பாக்க வந்தப்ப இம்புட்டு யோசிச்ச மாதிரி தெரியலையே" என்றாள் மனைவி.

மல்லாங்கிணறு தாண்டி ஒரு தரிசில் கேமராவை ஊன்றினோம். தனியாக விடமாட்டேன் என்று அவளும் போர்வையோடு வந்திருந்தாள். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம். எரிகற்கள் விழாமல் இல்லை. நான் பிலிம் சுற்றும்போதும், கேமரா பார்க்காத திசையிலும் தாராளமாக விழுந்தன. அப்படியே பதினோரு பிரேம் போயின.

விடிகாலை நாலரை வாக்கில் பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது, லென்ஸுக்கு நேர் எதிரே, செடிகளின் நிழல் தரையில் விழும் அளவுக்கு ஒன்று பளீரென்று எரிந்து இறங்கியது. சந்தோஷத்தில் எனக்கு மூச்சே நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றாள் அவள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வெளிச்சமோ சத்தமோ வந்தால் முதலில் வாயில் வருகிற கேள்வி அது. எந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலை வெடித்தது என்று அர்த்தம். அவள் தம்பிக்கு எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவான். அவள் கேமராவுக்கு முன்னால் நின்று போனை எடுத்தாள். திரையின் வெளிச்சம் அத்தனையும் லென்ஸுக்குள் போனது.

"வானத்துக் கல்லுடி அது. போனை அணை" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் காதில் ஏறவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதையும் அவன் எடுக்காதபோது நானும் கேமராவை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவதில் எடுத்தான்.

"ஏலே, எங்கன இருக்க?"

"வேன்ல போயிட்டு இருக்கேன்க்கா. என்ன இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

பிலிமைக் கழுவிப் பார்த்தேன். போன் வெளிச்சம் பட்டதில் பன்னிரண்டாவது நெகட்டிவ் முழுக்கக் கரியாக இருந்தது.

"அடுத்த வருஷமாச்சும் போனை வீட்டுல வச்சிட்டு வருவியா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"அதுக்குள்ள தம்பிக்கு வேற வேலை பாத்துக் குடுங்க. வச்சிட்டு வாரேன்."

அந்தக் கம்பெனிக்கும் நான்தான் பெட்டிப் படம் போடுகிறேன். சொல்லி அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான்.