ஜீப்பில் கிடந்த கேன்டீன் பாட்டில்

2003-ஆம் வருஷம், ஆனி மாதம். கம்பத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கிராமம். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நான் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவன். ஊரில் எனக்குப் பெயரே 'மிலிட்டரி'தான். முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல், பென்ஷன், மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய் மிலிட்டரி கேன்டீனில் சாமான் வாங்கி வருவது, இவ்வளவுதான் என் பிழைப்பு.

அந்தக் கேன்டீன் நாள் எனக்குத் திருவிழா மாதிரி. முதல் பஸ் பிடித்துப் போய் வரிசையில் நிற்பேன். என்னைப்போலத் தலை நரைத்தவர்கள், கையில் கார்டும் தோளில் காலிப் பையுமாக நிற்பார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள்கூட, வரிசை நகர்வதற்குள் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவோம். பேச்சு முழுக்க அவரவர் யூனிட்டில் இருந்த கேன்டீன் பற்றித்தான். தகரக் கொட்டகைக்குள் நாலு அலமாரி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சுடச்சுட டீ, ஷூ பாலிஷ், சோப்பு, இன்லேண்டு லெட்டர். லீவில் ஊருக்குப் போகிறவன் முந்தின நாள் அங்கே வந்து தங்கச்சிக்குக் குக்கர், அம்மாவுக்குக் கம்பளி என்று வாங்கி டிரங்குப் பெட்டியில் திணிப்பான். பெட்டி மூடாது. மேலே ஒருத்தன் ஏறி உட்கார்ந்தால்தான் பூட்டவே முடியும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்போம்.

எனக்கு அதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெருமை கூடுதல். வடக்கே பனிமலையில் இருந்தபோது, ரெண்டு வருஷம் எங்கள் யூனிட் கேன்டீனைக் கவனித்துக்கொண்டவன் நான். ரம் வைத்திருக்கும் அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். அந்தக் குளிரில் அதை எங்களுக்கு மருந்து மாதிரி அளந்துதான் கொடுப்பார்கள்.

ஊருக்கு வந்தபிறகு என் மாதக் கோட்டா ரம் பாட்டில்களுக்கு இருந்த மவுசு எனக்கே இல்லை. நான் குடிப்பதில்லை. வாங்கி வந்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பேன். கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவருக்கு ஒன்று, பந்தலுக்கு மருந்தடிக்க வருகிறவருக்கு ஒன்று. காசாகக் கொடுத்தால் முகம் சுளிக்கிறவன்கூட, மிலிட்டரி சரக்கு என்றால் பல்லைக் காட்டுவான். "கடைச் சரக்கு மாதிரி இல்ல, இது சுத்தமானது, உடம்பக் கெடுக்காது" என்று ஊரே நம்பியது. நம்ப வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தப் பாட்டில் தவறாமல் போய்ச் சேர்ந்த ஒரு ஆள் இருந்தார். ஜீப் டிரைவர். தினமும் காலையில் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலையேறும் மெட்டு ரோடு வழியாகக் கேரளாப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். உறவுமுறையில் எனக்கு மாப்பிள்ளை. என்னை 'மச்சான்' என்பார். என் மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, உள்ளூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, எஸ்டேட்டுப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அவளைத் தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். வாடகை கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். "ஏன் மச்சான், என் தங்கச்சியா இருந்தா வாங்குவேனா?" என்றார். அந்த நன்றியைக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி மாதாமாதம் ஒரு பாட்டில்.

அவருடைய மனைவியும் அதே ஜீப்பில் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவள். என்னை 'அண்ணே' என்பாள். ஒருநாள் பந்தலுக்கே என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. இனிமே அவுகளுக்கு அதக் குடுக்காதீக. வண்டி ஓட்டுற மனுசன்."

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, வகுப்பே எடுத்தேன். "அட ஏந்தங்கச்சி நீ ஒண்ணு! இதென்ன சாராயமா? அங்கன பனியில டாக்டரே குடுப்பாக. சாரல் அடிக்கையில ரெண்டு மூடி உள்ள போனா ஒடம்பு கணகணன்னு இருக்கும். உம் புருசன் என்ன, விழுந்து கெடக்குற ஆளா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். பெரிய புத்திசாலி மாதிரி நான் மறுபடி கொடி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் கேன்டீனைக் கவனித்த அந்த ரெண்டு வருஷமும், வண்டி டியூட்டியில் இருக்கிற டிரைவருக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுத்ததில்லை. தினமும் டியூட்டிப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பேன். கெஞ்சினான் ஒருத்தன், காலில் விழாத குறை. விரட்டிவிட்டேன். பனிமலை ரோட்டில் அவனுக்குப் பின்னால் இருபது உயிர் உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது. யூனிபார்மைக் கழற்றியதோடு அந்த அறிவையும் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த ஆனி மாதம் கேன்டீனுக்குப் போய்விட்டு சாயங்காலம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மாப்பிள்ளை ஜீப்போடு நின்றார். என் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார். வழக்கம்போலப் பாட்டிலைக் கொடுத்தேன். "நாளைக்கி மேல நல்ல சாரலு மச்சான். வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்தார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மறுநாள் காலை ஏழு, ஏழரை இருக்கும். பந்தலில் இருந்தேன். மெட்டிலிருந்து இறங்கி வந்த லாரிக்காரர் நிறுத்தி, "உங்கூரு ஜீப்பு கவுந்து கெடக்குண்ணே, பொம்பளையாளுக கத்துறாக" என்றார். மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ரோட்டை விட்டு இறங்கி, இருபதடிக்குக் கீழே ஒரு மரத்தில் மோதித் தலைகீழாகக் கிடந்தது. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. வெளியே தெறித்து விழுந்தவர்கள் சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சோற்றுத் தூக்குகள் திறந்து கிடந்தன. ரெண்டு மூன்று பேர் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். முதலுதவி படித்தவன். அடிபட்டவனை எப்படித் தூக்க வேண்டும், ரத்தத்தை எப்படி நிறுத்த வேண்டும் என்று பயிற்சி எடுத்தவன்.

முன்பக்கம் மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் நசுங்கிக் கிடந்தார். தொட்டுப் பார்த்தேன். உயிர் இல்லை. டீசல் வாடையோடு ரம் வாடையும் வந்தது. பின்பக்கம் கம்பிக்குள் அவர் மனைவி மாட்டியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அந்தக் கைக்கும் எனக்கும் நடுவில், உடையாமல், பாதி காலியாகக் கிடந்தது நான் கொடுத்த பாட்டில். 'ராணுவத்தினருக்கு மட்டும்' என்று இங்கிலீஷில் அச்சடித்த சீட்டோடு.

நான் முதலில் எடுத்தது அந்தப் பாட்டிலை.

யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் பொய். யோசித்தேன். போலீஸ் வரும், சீட்டைப் பார்க்கும், ஊரில் கேன்டீன் கார்டு வைத்திருப்பது நான் ஒருத்தன்தான். இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நாலு எட்டுத் தள்ளிப் போய் உண்ணிச்செடிப் புதருக்குள் வீசினேன். அப்புறம்தான் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ச்சீ, என்ன மனுஷன் நான் என்று இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மாப்பிள்ளையோடு சேர்த்து ரெண்டு உயிர் போயிற்று. இன்னொன்று, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மாப்பிள்ளை மனைவிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிஷத் தாமதத்தால் ஏதாவது கெட்டுப்போனதா என்று டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். இல்லை, கால் அங்கேயே நசுங்கிவிட்டது என்றார். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. போஸ்ட்மார்ட்டத்தில் என்ன எழுதினார்களோ தெரியாது. மழை, பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான் ஊருக்கு எட்டியது. போலீசிடம் அப்படிச் சொன்னதே அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, கேன்டீனில் வாங்கி வைத்திருந்த சத்துமாவு டப்பாவும் ரெண்டு சோப்பும் எடுத்துப் போனேன். எவ்வளவு மரத்துப்போன ஆள் பாருங்கள். அவள் அந்தப் பையைத் தொடவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க வந்தத பாத்ததும் உசுரு வந்துச்சு எனக்கு. எங்கண்ணன் வந்துட்டாரு, இனிப் பொழச்சுக்கிருவேன்னு கைய நீட்டுனேன். நீங்க அத எடுத்துக்கிட்டுப் போனீக."

அழுதுவிட்டேன். நாற்பது வயதுக்காரன், ஆஸ்பத்திரி வார்டில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். "ஆத்தா, நான் இப்பவே போலீசு ஸ்டேஷனுக்குப் போறேன். பாட்டிலு நாந்தான் குடுத்தேன், நாந்தான் தூக்கிப் போட்டேன்னு சொல்லிர்றேன்" என்றேன்.

"சொல்லி?" என்றாள். "குடிச்சுப்புட்டு வண்டி ஓட்டி ஆளக் கொன்னவன் பிள்ளைகன்னு எம் பிள்ளைகள நாலு பேரு கைய நீட்டிச் சொல்லவா? சொன்னா உங்க மனசு ஆறிப்போகும். எங்களுக்கு என்னண்ணே ஆறும்?"

"செத்துப்போன அந்தப் பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

"அவ ஏங்கூட ஒரே வரிசையில ஏலக்கா பறிச்சவ. எனக்கு வலிக்காதா? ஆனாலும் நீங்க சொல்லக் கூடாது."

ராணுவத்தில் எத்தனையோ உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன். இதைப் போல ஒரு உத்தரவை நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் பாட்டில் வாங்குவதில்லை. கேன்டீனுக்குப் போவேன், சோப்பு, எண்ணெயோடு திரும்பி வருவேன். ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். "மிலிட்டரிக்குக் கை சுருங்கிப்போச்சு", "மதுரையிலேயே வித்துக் காசாக்கிட்டு வந்துர்றாரு" என்றெல்லாம் பேசினார்கள். காரணத்தைச் சொல்ல முடியாது. வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் பழைய கேன்டீன் கதை பேசிச் சிரித்தால், நான் கார்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன். நான் ரெண்டு வருஷம் கேன்டீன் நடத்தினேன் என்று யாரிடமும் சொல்வதில்லை.

மாப்பிள்ளை மனைவி இப்போது செயற்கைக் கால் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். வழியில் பார்த்தால் "சாப்பிட்டீகளாண்ணே" என்று கேட்பாள். வையமாட்டாளா, மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள மாட்டாளா என்று இருக்கும். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அந்த 'அண்ணே'யைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் அவள் வீட்டுக்குப் போய், "பேரு ஊரு போடாம இத எழுதட்டுமா ஆத்தா? என்னால வச்சுக்கிட்டு இருக்க முடியல" என்று கேட்டேன். ரொம்ப நேரம் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள். நூல் அறுந்தது. கோத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுதுங்க. ஆனா அந்த மனுசன் நல்ல மனுசன்னும் எழுதணும்."

எழுதுகிறேன். அவர் நல்ல மனிதர். என் மனைவி உயிரோடு இருப்பதும், என் மகள் பள்ளிக்கூடம் போவதும் அவரால்தான். அப்படிப்பட்டவர் கையில், அவர் மனைவி வேண்டாம் என்று சொன்ன பிறகும் பாட்டிலைக் கொடுத்தவன் நான். இதைப் பெயர் போட்டு எழுதும் தைரியத்தை அவளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பெயர் போடாமல் எழுத அவள் சம்மதித்தபோது என் மனதுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்ததே, அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.