முப்பதாவது தட்டு

நோர்வூட் வேதக்கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் சொன்ன கதை அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, ஐரோப்பாவில் ஒரு மடத்தில் துறவி யாராவது இறந்தால், சாப்பாட்டு மேசையில் அவர் இடத்தில் முப்பது நாள் சாப்பாட்டுத் தட்டு வைத்து, தினமும் அதை ஏழைக்குக் கொடுப்பார்களாம். ஒரு தடவை முப்பதாம் நாள் இறந்தவரே வந்து நின்று, பாவம் தீர்ந்து விடுதலை கிடைத்துவிட்டது, மோட்சத்துக்குப் போகிறேன் என்றாராம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் என் புருஷன் நெஞ்சுச்சளியில் இறந்தார். நானும் தட்டு வைத்தேன். விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும் முன், அவர் உட்காரும் அடுப்போரத்தில் ரொட்டியும் தேத்தண்ணியும் வைப்பேன். பிறகு அதை லயத்து வரிசை வீடுகளின் கோடியில் இருந்த கண் தெரியாத கிழவருக்குக் கொண்டுபோவேன். சாமியார் சொன்ன கதையை அவருக்கும் சொல்லியிருந்தேன்.

முதல் வாரத்திலேயே அடுப்போரத்தில் அவர் இருமல் கேட்டது. உயிரோடு இருந்தபோது எனக்கு எரிச்சலூட்டிய அதே இருமல்.

இருபத்தொன்பதாம் நாள் கிழவர் தட்டைத் தடவி வாங்கியபடி, "நாளையோட அவரு போயிருவாரும்மா" என்றார்.

மறுநாளும் ரொட்டி சுட்டேன். ஆனால் அடுப்போரத்தில் வைக்கவில்லை. நின்றபடியே நானே தின்றுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினேன்.

இருமல் இன்றும் கேட்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை மட்டும் நான் சொன்னதே இல்லை. சொன்னால், முப்பதாவது தட்டை வைக்கச் சொல்லிவிடுவார்கள்.