அப்பாவுக்கு நான் எடுத்த பாடம்

அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தபோது, மேலதிகாரியைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அப்பாதான் எழுதினார் என்று சொல்லி இடைநீக்கம் செய்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கடைவீதியில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள்.

நான் அப்போது கோவையில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். மேற்கு ரோமப் பேரரசு சரிந்த பிறகு லத்தீனில் எழுதப்பட்ட ஒரு தத்துவ நூல்தான் ஆய்வுப் பொருள். பொய்க் குற்றம் சுமத்தப்பட்டுச் சாவுக்குக் காத்திருக்கும் கைதியிடம் தத்துவமே ஒரு பெண்ணாக வந்து பேசுகிறது. பதவியும் பேரும் உன்னுடையவையாக இருந்ததே இல்லை, பிறகு எதை இழந்தாய் என்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக் கிறங்கிப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "ஏன் கண்ணு, அந்தாளக் கடைசில உட்டுட்டாங்களா?"

"இல்லீங்கப்பா. கொன்னுபோட்டாங்க."

"சரி" என்றார். அதன்பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. மனம் தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். நூலின் பிற்பகுதியில் கைதியும் அப்படித்தான் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். அந்த மௌனம் அவன் குணமானதற்கு அடையாளம் என்று ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதைத்தான் பாராட்டினார்கள். விசாரணை முடியுமுன்பே அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் அதே நூலை நடத்துகிறேன். போன பருவத்தில், இதை இன்றைய நாவலைப் போலப் படியுங்கள், யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பாருங்கள் என்றேன். கோபிசெட்டிபாளையத்துப் பெண் ஒருத்தி பக்கம் பக்கமாகப் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

"மேம், கடைசில அந்தக் கைதி வாயே தொறக்கலீங்க. மனசு ஆறிப்போச்சுன்னு அவரு எங்கயுமே சொல்லலீங்க. அந்தம்மா பேச உடலீங்க, அவ்வளவுதானுங்க."

நன்றாகக் கவனித்திருக்கிறாய் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன்.

என்னோடு இருக்கும் அம்மாவிடம் அன்று சாயங்காலம் இதைச் சொன்னேன். அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"'எங்கப்பா அந்தக் கடுதாசிய எழுதலீங்க'ன்னு நீ நாலு பேருகிட்டச் சொல்லுவீன்னு இருந்தாரு கண்ணு. நீ வந்து அவருக்கே பாடம் எடுத்துப்போட்டுப் போயிட்ட."

ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில், அப்பாவுக்கு என்று அச்சிட்டிருக்கிறேன்.