‘ஏ’, ‘தி’, அப்புறம் போர்மேன் அண்ணன்

மைக்கை வாங்கியதும் எல்லாரும் அதைத் தட்டிப் பார்ப்பார்கள், ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள். போர்மேன் அண்ணன் அதையெல்லாம் செய்ததே இல்லை. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார், மூச்சை இழுப்பார், நேராக ஆட்டத்துக்குள் குதித்துவிடுவார். நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில் பூப்பந்துப் போட்டி என்றால், மஞ்சள் கம்பளிப் பந்து வலையைத் தாண்டும் முன்பே அவருடைய தமிழ் தாண்டியிருக்கும். “அடிச்சாரு பாரு, எடுத்தாரு பாரு, எங்கய்யா போச்சு பந்து!” என்று அவர் கத்தும்போது, விளையாட்டே தெரியாதவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவது என் வேலை. இதை எழுதும் இப்போதும் என் கால் மேசைக்கு அடியில் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், விளையாட்டு அலுவலகத்தில் நான் கான்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவேன். தபால் வழியில் ஆங்கில இலக்கியம் முடித்திருந்தேன், அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் போர்மேன். காலை ஷிப்ட் முடிந்து, குளித்து, நெற்றியில் விபூதியோடு மைதானத்துக்கு வந்துவிடுவார். வர்ணனை செய்ய அவரை யாரும் நியமிக்கவில்லை, எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. மைக் இருந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம் என்கிற ஆள்.

அந்த வருடம் நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்கு இடையிலான போட்டி எங்கள் ஊரில் நடந்தது. பல மாநில அணிகள் வருகின்றன, ஆகவே வர்ணனை ஆங்கிலத்தில்தான் என்று விளையாட்டு அதிகாரி சொல்லிவிட்டார். கான்வென்ட்டில் படித்த ஓர் இளம் இன்ஜினியரும் தயாராக இருந்தார். அண்ணனின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் விடவில்லை. “ரெண்டு வாரம் டைம் குடுங்க சார். நானே இங்கிலீஷ்ல பேசறேன்” என்றார். அதிகாரி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். முதல் ஆட்டத்தில் பேசிப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் இனி எப்போதுமே மைக் இன்ஜினியருக்கு என்று நிபந்தனை போட்டார். அண்ணன் நேராக என் மேசைக்கு வந்தார். “நீதாம்மா என்னைக் கரை சேக்கணும்” என்றார்.

ஆங்கிலம் அவருக்குத் தெரியாததில்லை. இருபத்தைந்து வருடம் ஷிப்ட் லாக் புக் எழுதிய கை அது. ஆனால் லாக் புக் ஆங்கிலத்தில் ‘பெல்ட் ஸ்டாப்டு, ரோலர் சேஞ்சுடு, பெல்ட் ஸ்டார்ட்டட்’ என்று இருக்கும், ‘ஏ’யும் கிடையாது, ‘தி’யும் கிடையாது. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டவுன்ஷிப்புக்குக் குடிவரும் குடும்பத்தை வைத்து விளக்கினேன். லாரியில் சாமான் இறங்கும் அன்று அது ஏதோ ஒரு குடும்பம், அதனால் ‘ஏ’. மறுநாள் நம் வீட்டில் உறைக்கு மோர் கேட்டு வந்துவிட்டால் அந்தக் குடும்பம், அதனால் ‘தி’. முதல் எழுத்தை அல்ல, முதல் ஓசையைப் பார்க்க வேண்டும், அது உயிரோசையானால் ‘ஆன்’. உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால் ‘தி’. அவர் சும்மா கேட்டுக்கொள்கிற ஆளா?

“சூரியன் ஒண்ணுதான், அதனால ‘தி சன்’னு சொல்ற. நெய்வேலியும் ஒண்ணுதான? ‘தி நெய்வேலி’ன்னா என்ன கொறைஞ்சிடும்?”

“பேருக்கு முன்னாடி வேணாம்ணே.”

“எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்தான்.”

இந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து ஷிப்ட் பஸ்ஸிலும் பாடம் நடந்ததாம். “ஏ பஸ் இஸ் கமிங். தி பஸ் இஸ் ஃபுல். ஏ மேன் இஸ் ஸ்லீப்பிங். தி மேன் இஸ் அவர் எலக்ட்ரீஷியன்” என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். சுரங்கத்து கேன்டீனில் “அண்ணே, இது ஏ டீயா, தி டீயா?” என்று கிண்டல் செய்தவனிடம், “இன்னும் என் கைக்கு வரல, அதனால ஏ டீ. குடு இங்க, தி டீ ஆவட்டும்” என்று வாங்கிக் குடித்துவிட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாணவர் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

போட்டி நாள் வந்தது. எங்கள் அணிக்கும் ஒடிசாவிலிருந்து வந்த அணிக்கும் முதல் ஆட்டம், மூன்று கேம். மைதானம் நிரம்பியிருந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார், மூச்சை இழுத்தார், “ஏ...” என்றார். நின்றுவிட்டார். “தி... ஏ பிளேயர்...” என்று முடிப்பதற்குள் பந்து வலையை நாலு முறை கடந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே ‘ஏ’ என்றால் ஒரு விரல், ‘தி’ என்றால் இரண்டு விரல் காட்டினேன். என் விரலுக்காகப் பந்து காத்திருக்குமா? கூட்டம் முதலில் அமைதியானது, அப்புறம் சிரித்தது. அருவி மாதிரி பேசிய மனிதரின் வாயை நான்தான் கட்டிப்போட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. முதல் கேம் முடிந்ததும் அதிகாரியிடமிருந்து சீட்டு வந்தது. இரண்டாவது கேமோடு மைக்கை இன்ஜினியரிடம் கொடுத்துவிட வேண்டும். அண்ணனும் அதைப் படித்தார்.

படித்துவிட்டு மைக்கை வைத்தார், மேடையை விட்டு இறங்கினார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று பயந்தேன். அவரோ விடுவிடுவென்று ஒடிசாப் பையன்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனார். எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து, நம்பர் போட்ட பிளாக்குகளில் குடியேறியவர்களின் ஊர் இது, புது முகத்தைப் பார்த்தால் ‘எந்த ஊரு, எந்த பிளாக்கு’ என்று கேட்காமல் எங்களால் இருக்க முடியாது. அந்தப் பழக்கம் அவரை அங்கேயும் விடவில்லை. குட்டையாக, துறுதுறுவென்று இருந்த ஒரு பையனிடம், “விச் பிளாக்?” என்று கேட்டார். ஒடிசாவில் ஏது எங்கள் பிளாக்? பையன் விழித்தான். “காலனி? குவார்ட்டர்ஸ்? ஃபாதர் வாட் ஷிப்ட்?” என்று மாற்றிக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. காலனி, குவார்ட்டர்ஸ், ஷிப்ட் எல்லாம் அங்கேயும் உண்டே! ஐந்து நிமிஷத்தில் பெஞ்சே அவரைச் சுற்றி நின்றது, ஆளாளுக்குக் கைகொடுத்து, அவர் கேட்டதையே அவரிடமும் கேட்டார்கள். திரும்பி வந்தவர் மைக்கை எடுத்துக்கொண்டு, “நீ வெரலை மடக்கிக்கினு ஸ்கோரை எழுதும்மா” என்றார்.

அப்புறம் பிடித்தது பாருங்கள்! “சர்வீஸ் பிகாஷ்! ஃபாதர் டம்பர் ஆபரேட்டர், செகண்ட் ஷிப்ட்! ஃபாதர் இன் மைன்ஸ் நவ், சன் இன் நெய்வேலி நவ்! ஹிட்! அகெய்ன் ஹிட்! மதர் ஸெட் ஈட் வெல், பட் பிகாஷ் நோ ஈட்டிங், ஒன்லி ரன்னிங்!” கூட்டம் கொல்லென்று சிரித்தது, இந்த முறை அவரோடு சேர்ந்து. செகண்ட் ஷிப்ட்டுக்கு அப்பாவை அனுப்பிவிட்டு வந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே! அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “பிகாஷ், பிகாஷ்!” என்று கத்தத் தொடங்கினார்கள். எங்கள் அணி அந்த கேமை எடுத்தது. சீட்டின்படி இன்ஜினியர் மேடையேறி வந்தார். அதிகாரி தூரத்திலிருந்தே கையை அசைத்து அவரை உட்காரச் சொன்னார். அவரும் படியிலேயே உட்கார்ந்து கைதட்டத் தொடங்கிவிட்டார். மூன்றாவது கேமின் கடைசிப் பந்தை பிகாஷ் தவறவிட்டான், நாங்கள் ஜெயித்தோம். ஆனால் மைதானம் எழுந்து நின்று கத்தியது அவன் பெயரை. அவன் ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக மட்டையை உயர்த்தினான். கடைசிப் புள்ளியை எழுத நான் மறந்தே போனேன்.

இன்று பண்ருட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் முதல் வாரமே ‘ஏ’யும் ‘தி’யும் வந்துவிடும். பேசத் தொடங்கிய பிள்ளையை நடுவில் நிறுத்தித் திருத்துவதை மட்டும் விட்டுவிட்டேன். முழுக்கப் பேசட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன்கூட அன்றைக்கு மூன்றாவது கேமில் ‘தி பாய் ஃப்ரம் ஒடிசா’ என்று தன்னால் சரியாகவே சொன்னார்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அதிகாரி என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “பைனலுக்கும் அவரேதான், இனிமே எப்பவும் அவரேதான். நோட்டீஸ்ல பேரைப் போட்டுடும்மா. அவர் பேரு என்ன?” என்றார். பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது, எனக்கே தெரியாது. மூன்று வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அதிகாரிக்கு அவர் போர்மேன், இன்ஜினியருக்கும் போர்மேன். காது சுட, பேப்பரும் பேனாவுமாகக் கீழே ஓடினேன். அவர் ஒடிசாப் பையன்களோடு கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மைக் இனிமே உங்களுக்குத்தான், நோட்டீஸ்ல போடணுமாம்” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். “தப்பா நெனைக்காதீங்க. உங்க பேரு...”

அவர் நிறைந்த கண்ணைத் துடைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பிகாஷ் சோடா பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என் பேனாவைக் காட்டி “நேம்?” என்று கேட்டு, அவர் பெயரைச் சொன்னான். இனிஷியலோடு, பிளாக் நம்பரோடு, குவார்ட்டர்ஸ் டைப்போடு சொன்னான். நான் அவனிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டேன்.