முதல் வாரத்துக்கும் முன்னால்

பரிசோதனைக் கூடத்து ஜன்னலில் அவள் நின்றால் எப்பேர்ப்பட்ட கூச்சக்காரரும் வழிக்கு வந்துவிடுவார். சிறுநீர் பிடிக்க மூடி போட்ட சின்னக் குப்பியை நீட்டி, "முதல்ல வர்றதை விட்டுடுங்க, நடுவுல வர்றதைப் பிடிங்க. இதுல என்ன வெட்கம்?" என்று ரயில் அறிவிப்புப் போலச் சொல்வாள். அந்த வாய்தான் பூங்காவில் அடைத்துக்கொண்டது.

இரண்டாவது பிள்ளை உண்டாவதற்கு முன்பு, புதியவர்களுக்கான ஓட்டப் பயிற்சியில் ஐந்தாவது வாரம் வரை போயிருந்தாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்து, கடைசியில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட வைக்கிற பயிற்சி. பிள்ளைக்கு இப்போது பத்து மாதம். மறுபடி போகிறேன் என்று வீட்டில் பல நாள் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் மாமியார்தான், "போயிட்டு வா. ஒரு மாசம் பார்ப்போம். பிள்ளைய நான் வெச்சுக்கறேன்" என்றார். அவளுடைய பகல் முழுதும் வேலைக்குப் போனது, மிச்சம் பிள்ளைகளுக்குப் போனது. காலையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அவளே சொந்தக்காரி. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நினைத்திருந்தாள்.

பயிற்சியாளரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன மேடம், அஞ்சாவது வாரத்து ஆளு மறுபடி ஒண்ணாங்கிளாஸா?"

"ஃபெயிலாயிட்டேன் சார்" என்று அவளும் சிரித்தாள்.

முதல் இரண்டு ஓட்டம் நன்றாகவே போனது. கால்கள் எதையும் மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள். மூன்றாவதில், பாதம் தரையில் பட்ட நொடியில், சூடாகக் கசிந்தது. அடுத்த அடியில் மறுபடியும். சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோலப் பாசாங்கு செய்தாள். கறுப்புப் பேண்ட்தான், வெளியே தெரியாது. ஆனால் தெரியவில்லை என்பதை யாரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது?

தினமும் இப்படிக் குனிந்ததில், அந்த வார முடிவில் அவளுக்கு லேஸ் அக்கா என்று பெயர் வந்துவிட்டது.

"லேஸ் அக்கா, அந்த முடிச்சுக்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமா?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்ததிலும் கொஞ்சம் கசிந்தது.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். நாள் முழுக்கக் குப்பிகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தெரியாமலில்லை. தெரிந்தேதான் செய்தாள். சீக்கிரமே நீர் பிரியும்போது எரிய ஆரம்பித்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தன் குப்பியையும் சோதித்தாள். கிருமி இருக்கிறது என்று சோதனை அட்டை நிறம் மாறிக் காட்டியது. இந்த நிறத்தோடு வந்திருந்தால் வேறு யாரையாவது எப்படிக் கடிந்துகொண்டிருப்போம் என்று நினைத்தபடி மாடியிலிருந்த டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கிருமிக்கு மருந்து எழுதினார். "பிரசவத்துல இடுப்பு அடித்தசை தளர்ந்திருக்கு. நிறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. இப்போதைக்கு ஓட வேண்டாம். உக்காந்த இடத்துலயே சிறுநீரை அடக்குற மாதிரி அந்தத் தசைய இறுக்கிப் பிடிங்க, மெல்ல விடுங்க. மூணு மாசம் செஞ்சுட்டு வாங்க, பார்ப்போம்."

ஆக, முதல் வாரத்துக்கும் முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று.

கணவனிடம் சொன்னாள். அவன் அன்பாகத்தான் கேட்டான்.

"அவ்வளவுதானே? அப்ப ஓடாதே."

அந்தப் பதிலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சண்டை போடவும் பிடி கிடைக்கவில்லை.

ஆனாலும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இறுக்கினாள், பிடித்தாள், விட்டாள். எதிரே விசில் ஊதியது, மற்றவர்கள் ஓடினார்கள். பார்க்கிறவர்களுக்கு அவள் நல்ல ஷூ போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற பெண். இதை வீட்டிலேயே செய்யலாமே, பயிற்சிக்காக வருகிறோமா, அந்த ஒரு மணி நேரத்துக்காக வருகிறோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையான பதில் வந்தபோது அவளுக்கே பிடிக்கவில்லை.

விஷயம் வீட்டுக்கு எட்ட நாளாகவில்லை.

"ஓடப் போறேன்னுட்டு பெஞ்சுல உக்காந்திருக்கியாமே?" மாமியார் கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரி வந்து சிரிச்சுட்டுப் போறா. படிச்சவங்க உக்காந்துக்கிட்டே ஓடுவாங்களான்னு கேக்குறா."

வேறு வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இதுவா? உன் புருஷன் பொறந்ததுலேர்ந்து எனக்கு இருக்குடி."

"யார்கிட்டயும் காட்டலையா அத்தை?"

"இதைப் போய் யார்கிட்ட காட்டுறது?"

"இதுக்குப் பயிற்சி இருக்கு அத்தை. நான் சொல்லித்தர்றேன்."

"முதல்ல நீ ஓடிக் காட்டு, அப்புறம் நான் பின்னாலயே வர்றேன்" என்று மாமியார் சிரித்தார்.

உள்ளே பிள்ளை அழுதது. மாமியார் கட்டிலருகே போய், கால்களைப் பின்னிக்கொண்டு, மூச்சை ஒருமுறை பிடித்துப் பிள்ளையைத் தூக்கினார். இத்தனை வருடமாக அவர் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறாள். முழங்கால் வலி என்று நினைத்திருந்தாள்.

"காலைல இவன் முழிச்சதுலேர்ந்து நீ வர்றதுக்குள்ள ரெண்டு தடவை என் துணிய மாத்திடுறேன்" என்றார் மாமியார். "தூக்கினா வந்துடுது."

குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நான் போகல அத்தை."

"யாரு உன்னைப் போக வேணாம்னது? போ."

மனதாரத்தான் சொன்னார். தடுத்திருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். அவள் கையை நீட்டினாள். பிள்ளை கனத்தது. வாங்கும்போது டாக்டரம்மா சொன்னபடி தசையை இறுக்கிப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை.