லம்ஸ்டனின் ஸ்டைமி

பேக்கரித் தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு பன். பன்னுக்கு இந்தப் பக்கம் கோல்ஃப் பந்து, அந்தப் பக்கம் சாய்த்து வைத்த ஜாம் டப்பா. குட்டை இரும்பு மட்டையோடு குனிகிறார் பேக்கரிக்காரர் ஈவன் லம்ஸ்டன். பந்து பன்னைத் தாண்டி டப்பாவில் விழுந்தால் அந்தப் பன் அவருக்கு. பன்மேல் பட்டால் கோழிகளுக்கு. பதினோரு வருடமாகக் கோழிகள் கொழுத்துக்கொண்டிருக்கின்றன.

நம் பந்துக்கும் குழிக்கும் நடுவே எதிராளியின் பந்து வந்து உட்கார்ந்துகொண்டால், அது ஸ்டைமி. இரண்டு பந்துக்கும் இடைவெளி ஆறு அங்குலத்துக்குள் இருந்தால்தான் அதை எடுக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் சுற்றிப் போக வேண்டும், அல்லது தாண்ட வேண்டும். மூன்று முறை ஊர்க் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் ஈவன் அப்படி மறிக்கப்பட்டுத் தோற்றவர்.

அதனால் வாழ்க்கையில் மறிக்கிற எல்லாமே அவருக்கு ஸ்டைமிதான். நீளும் பிரசங்கம், நனைந்த விறகு, கெண்டியை மறைத்து நிற்கும் மனைவி கிரிசல். பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா வாசலை விட்டு நகராததைக்கூட, “ஆறு மாசம் ஸ்டைமி” என்பார்.

“அதான் தாண்டிட்டீங்களே!” என்பாள் கிரிசல்.

“அது ஒண்ணுதான் தாண்டினேன்.”

போன சனிக்கிழமை நான்காவது முறையாகக் கடைசி ஆட்டம். கடைசிக் குழி. ஆட்டம் சமநிலை. இந்த அடி விழுந்தால் கோப்பை. நடுவில், எதிராளி மீன்வண்டிக்காரன் டாட் கெயர்ன்ஸின் பந்து!

ஈவன் தன் ஆட்ட அட்டையை எடுத்து அளந்தார். புதிதாக இருக்கையில் அந்த அட்டையின் நீளம் சரியாக ஆறு அங்குலம். “எட்டலை. ஸ்டைமிதான்.”

“யோவ், உன் அட்டை மாவுல ஊறி ஓரமெல்லாம் தேஞ்சு கெடக்கு!” டாட் தன் புது அட்டையை வைத்தான். இரண்டு பந்தையும் தொட்டது. “ஆறுக்குள்ளதான்யா. எடுத்துடறேன், ஜெயிச்சுட்டுப் போ.”

“கைய எடு. அங்கயே கெடக்கட்டும்.”

“பைத்தியமா உங்களுக்கு?” கயிற்றுக்கு அப்பாலிருந்து கிரிசல் கத்தினாள். “எடுக்கச் சொல்லுங்க!”

“எடுத்துட்டு ஜெயிக்கவா பதினோரு வருஷமா கோழிக்குத் தீனி போட்டேன்?”

குட்டை மட்டையை உருவினார். ஊரே மூச்சைப் பிடித்தது. டக்! பந்து எழும்பியது, டாட்டின் பந்து அசையவில்லை, குழிக்குள்ளிருந்து கொடக்கென்று ஒரு சத்தம்.

தொப்பிகள் பறந்தன. கிரிசல் கயிற்றைத் தாண்டி ஓடி வந்தாள். ஈவன் குழிப் பக்கம் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை டாட்டிடம் நீட்டினார்.