நாற்பத்திரண்டாவது பெயர்

சீனாவின் ஜூஜி நகரத்துக் காலுறை ஆலையில் ஜோடி சரிபார்க்கிற வேலை தாவ் சூசினுக்கு. பன்னிரண்டு வருடத்தில் அவள் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மகள் கேயிங்கின் வகுப்புச் செலவுப் பணத்தை யார் வைத்துக்கொள்வது என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது, எல்லோரும் கைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பொறுப்பு அப்படி வந்து சேர்ந்ததுதான்.

ஜன்னல் திரையோ தண்ணீர் கேனோ, எது வாங்கினாலும் அன்றே ரசீதைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிடுவாள். பருவ முடிவில் முழுக் கணக்கையும் போட்டாள். வரவு, நாற்பத்தொரு பேர், ஆளுக்கு இருநூறு யுவான்.

வகுப்பில் பிள்ளைகள் நாற்பத்திரண்டு.

கட்டாதவர் ஷுயாவின் அப்பா. பேருந்து நிலையத்துக்கு எதிரில் தள்ளுவண்டியில் வெங்காயத்தாள் ரொட்டி சுடுகிறவர். பணம் திரட்டிய செப்டம்பரில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “பணம் கெடக்கட்டும், முதல்ல அவங்களப் பாருங்க” என்று சூசின்தான் சொன்னாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் காசில் இருநூறைப் போட்டுச் சமாளித்திருக்கலாம். ஆனால் வராததை வந்ததாக எழுத அவளுக்குக் கை வரவில்லை.

வழக்கம்போல நன்றிகள் வரிசையாக விழுந்தன. நடுவில் காப்பீட்டு முகவரான ஜிங்யூ அப்பா எழுதினார்.

“கேயிங் அம்மா, ஒரு ஆள் கொறையுதே? சும்மாதான் கேட்டேன். எல்லாம் வெளிப்படையா இருந்தா உங்களுக்கும் நல்லது.”

அவள் பதில் யோசிப்பதற்குள் அவரே பெயர்ச்சங்கிலி ஒன்றைத் தொடங்கிவிட்டார். பணம் கட்டியவர்கள் பட்டியலின் அடியில் ஒவ்வொருவராகத் தன் எண்ணையும் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சீருடை அளவு, தடுப்பூசி, சுற்றுலா, எல்லாவற்றுக்கும் சங்கிலிதான். கண்ணில் பட்டால் கை தானாகப் பெயர் போட்டுவிடும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றது. சூசினின் சூப் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொரு வரி வந்தது.

“42. ஷுயா அப்பா. கட்டியாச்சு.”

வெளியே ஓடிப்போய் அவரைக் கைபேசியில் அழைத்தாள். “என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?”

எண்ணெய் பொரிகிற சத்தம். “பொண்ணு என் ஃபோன்லதான் வீட்டுப்பாடம் பாக்குறா, தங்கச்சி. நாப்பத்தொண்ணுல நின்னா யாரு பேரு இல்லன்னு கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? எடுத்துடச் சொல்றீங்களா?”

“வேணாம், இருக்கட்டும்ணே.”

“ரொட்டி கருகுது” என்று வைத்துவிட்டார்.

குழுவில் பேச்சு அதற்குள் சூடாகியிருந்தது.

“கட்டினவங்க நாப்பத்திரண்டு. கணக்குல நாப்பத்தொண்ணு.”

“காலுறையில ஒத்தை விழுந்துருச்சு போல.” பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

“இருநூறு பெரிய காசில்லதான். மறதிக்கும் ஒரு அளவு இருக்குல்ல.”

மாலையில் கணவன் ஹேபிங் சொன்னான். “உள்ளத சொல்லிட்டுப் போயேன். ஒம்பேராவது மிஞ்சும்.”

“நாளைக்கு அந்தப் பொண்ணு வகுப்புக்குள்ள எப்படி நுழையும்?”

“அப்ப காசப் போட்டுரு.”

“போட்டா, இவ்வளவு நாள் எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க.”

எழுதி எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் அவள் இதை அனுப்பினாள்: “எண்ணினதில் என் தவறு. இருநூறு சேர்த்துவிட்டேன். மன்னிக்கவும்.”

இரண்டு நிமிடத்தில் ஜிங்யூ அப்பா எழுதினார். “கேயிங் அம்மா களைச்சுப் போயிட்டாங்க, பாவம். அடுத்த பருவம் வேற யாராவது பாக்கட்டும். சம்மதிக்கிறவங்க பேர் போடுங்க.”

புதுச் சங்கிலி மளமளவென்று நீண்டது. பதினாறாவதாக ஷுயா அப்பா. அவர் போடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அது அவளுக்குப் புரிந்தது. தான் போடாமல் இருந்தாலோ, பணப் பொறுப்பைக் கைவிட மனமில்லை என்பார்கள்.

பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தாள். பதினேழு என்று எண் போட்டு, கேயிங் அம்மா என்று எழுதி அனுப்பினாள்.